பத்திரிகை வைக்காத வீடு

இந்த அவைக்குத் தலைமை ஏற்று, வாசலில் நின்று வந்தவர் ஒவ்வொருவரையும் கைகூப்பி வரவேற்றுவிட்டு, இப்போதுதான் மூச்சு வாங்க வந்து அமர்ந்திருக்கும் எங்கள் மலைச்சாரல் நாடக மன்றத்தின் தலைவர் ஆதிகேசவன் ஐயா அவர்களே! முன்வரிசையில் இடம் வைத்தும், "அது அதிகாரிங்களுக்கு" என்று மறுத்து நடுவில் போய் அமர்ந்துகொண்ட பெரியோர்களே! அமாவாசைக்குத் தறி நிறுத்தி, தலைக்குக் குளித்து, தழையத் தழையப் பூ வைத்து, அம்மையார்குப்பத்திலிருந்து பேருந்தில் நெருக்கியடித்து வந்திருக்கும் தாய்மார்களே! வீட்டில் தெலுங்கும் வீதியில் தமிழும் பேசி இரண்டுக்கும் சொந்தமாக வாழும் பள்ளிப்பட்டு உறவுகளே! கனகம்மாசத்திரத்தில் கடையின் கதவைப் பாதி சாத்திவிட்டு வந்திருக்கும் அண்ணன்மார்களே! எங்களைப் போலவே கலையைக் கையில் வைத்துக்கொண்டு காண்போரைத் தேடி அலையும் அரக்கோணம் கலைக்குழு நண்பர்களே! உங்கள் அத்தனை பேருக்கும் என் பணிவான வணக்கம்.

எனக்கு மேடை பழக்கமில்லை. குரல் நடுங்கினால் பொறுத்துக்கொள்ளுங்கள். மன்றத்தில் என் வேலை மேடைக்கு வெளியே. ஆட்களை வரவழைப்பதுதான் என் வேலை. எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் நான். வணிகவியல் படித்தவள், விற்கத் தெரிந்திருக்கும் என்று நம்பி இந்தப் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். சிரிக்கிறீர்கள். சிரிக்க வேண்டிய இடம்தான். ஆனால், நான் சொல்ல வந்திருப்பது சிரிப்புக்குரிய செய்தி அல்ல.

இன்னும் சற்று நேரத்தில் இந்தத் திரை விலகும். திரைக்குப் பின்னால் துர்கா நிற்கிறாள். அம்மையார்குப்பத்து மருமகள். எங்கள் நாடகத்தின் நாயகி. இன்று அவள் ஆடப்போகும் ஆட்டம் அவளுடைய கடைசி ஆட்டமாக இருக்கலாம். ஆள் வராவிட்டால் இன்றோடு நிறுத்திக்கொள்வதாக அவள் வீட்டில் சொல்லியிருக்கிறாள். ஏன் சொன்னாள்? யார் சொல்ல வைத்தது? அதைத்தான் சொல்லப் போகிறேன். துர்காவிடம் அனுமதி கேட்டுவிட்டேன். அவளுடைய மாமியார் பூவம்மாள் அம்மாவிடமும் கேட்டேன். "சொல்லிக்கோ. நான் சொன்னது இன்னா பொய்யா?" என்றார். அதோ, தூணோரமாக அமர்ந்திருக்கிறார்.

அவையோரே! எங்கள் மன்றம் எதை விட்டுவைத்தது? விளம்பரம் செய்யவில்லையா? செய்தோம். ஃப்ளெக்ஸ் கட்டவில்லையா? கட்டினோம். கைப்பேசியில் காணொளி போடவில்லையா? போட்டோம். எங்கோ இருப்பவர்களெல்லாம் இதயம் இதயமாக அனுப்பினார்கள். இங்கே, இந்தக் கல்யாண மண்டபத்தில், நாற்காலிகள் காலியாகக் கிடந்தன.

ஆடிக் கிருத்திகைக்கு ஊர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காவடி கடலாக வருகிறது. கால் வைக்க இடமில்லை. இவ்வளவு கூட்டம் இருக்கும் ஊரில் நாடகத்துக்கு ஆளில்லையா என்று எங்களுக்கு ஆவேசம் வந்தது. மலைக்கோயில் படியடிவாரத்தில் நின்று துண்டறிக்கை கொடுத்தோம். கை வலிக்கக் கொடுத்தோம், குரல் கம்மக் கொடுத்தோம். வாங்கிய அம்மா ஒருவர் அதன்மேல் குழந்தையை உட்கார வைத்துச் சோறு ஊட்டினார். அவரைக் குறை சொல்ல முடியுமா? அவர் முருகனைப் பார்க்க வந்தவர். மொட்டை போட்டு, தரிசனம் முடித்துக்கொண்டு, வண்டி பிடிக்க வேண்டியவர். அடுத்த வாரம் நடக்கும் நாடகம் அவருக்கு எதற்கு? கடந்து போகும் கூட்டத்தைக் கண்டு, இங்கேயே குடியிருக்கும் மக்களை மறந்தோம்.

அந்த நாடகத்துக்கு வந்தவர்களை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பார்த்திருக்க முடியாது, நீங்கள் வரவில்லையே! எங்கள் உறவினர்கள் சிலர் வந்தார்கள். மழைக்கு ஒதுங்கியவர்கள் சிலர் வந்தார்கள். துர்கா அன்று ஒரு சொல்லைக் குறைக்கவில்லை, ஒரு கண்ணீரைக் குறைக்கவில்லை. ஆயிரம் பேர் முன்னால் எப்படி ஆடுவாளோ அப்படி ஆடினாள்.

மறுநாள் ஒத்திகைக்கு வந்தவளின் முகம் வாடியிருந்தது. "அக்கா, அத்த கேக்கறாங்க. 'நாற்காலிங்களுக்கு ஆடிக் காட்றதுக்கா வூட்டு வேலைய வுட்டுட்டுப் போற?'ன்னு கேக்கறாங்க. இன்னான்னு பதில் சொல்லுவேன்? அடுத்த ஆட்டத்துக்கும் ஆளு வரலைன்னா நின்னுக்கறேன்னு சொல்லிட்டேன்" என்றாள். கேட்ட கேள்வி கொடியது, ஆனால் நியாயமானது. அழுவதற்கு ஒருத்தி இருக்கிறாள், அவளோடு அழுவதற்கு ஒருவரும் இல்லை என்றால் அந்தக் கண்ணீர் எங்கே போய்ச் சேரும்?

அவசரக் கூட்டம் போட்டோம். ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது, உண்மையைச் சொல்கிறேன். தலைவர், "இந்தத் தடவ ஃப்ளெக்ஸ இன்னும் பெருசா அடிப்போம்" என்றார். அதே ஃப்ளெக்ஸ்தான். நடுவில் தலைவர் படம், சுற்றிலும் புரவலர்கள் படம், மேலே வாழ்த்துகள், கீழே மூலையில் எறும்பளவு எழுத்தில் நாடகத்தின் பெயர். அந்த மாதிரியை எடுத்துக்கொண்டு அச்சடிக்கும் காதர் பாயிடம் போனேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பாப்பா, தப்பா நெனச்சிக்காத. இது நாடகமா, உங்க தலைவருக்கு அறுவதாம் கல்யாணமா?" என்றார்.

ஐயாவே சிரிக்கிறார். நன்றி ஐயா.

ஆனால் அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கேள்வியோடு அம்மையார்குப்பத்துக்குப் பேருந்து ஏறினேன். தெருத் தெருவாகக் கேட்டேன். "எங்கள் நாடக விளம்பரத்தைப் பார்த்தீர்களா?" பார்த்தோம் என்றார்கள். "ஏன் வரவில்லை?" கோதண்டம் என்ற அண்ணன் என்னை வியப்பாகப் பார்த்தார். "மண்டபத்துல ஃபங்ஷன், பெரிய மனுசங்க படம் போட்டுக்குது. யாரு வூட்டு விசேஷமோ! பத்திரிக வெக்காத விசேஷத்துக்கு நாங்க எப்படிமா வந்து குந்துவோம்? பந்தியில எழுப்பி வுட்டா இன்னா பண்றது?"

கேட்டீர்களா அவையோரே! எங்களுக்கு நாடக மேடை, மக்களுக்குக் கல்யாண மண்டபம். எங்களுக்கு விளம்பரம், மக்களுக்கு அடுத்த வீட்டு விசேஷம். நுழைவு இலவசம் என்று எழுதியிருந்தோம். அழைக்காத இடத்துக்கு இலவசமாகப் போவது இந்த ஊரில் யாருக்குப் பெருமை?

கடைசியாகப் பூவம்மாள் அம்மாவின் வீட்டுக்குப் போனேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முறம் நகர்ந்தது, முகம் மலரவில்லை.

"துர்காவோட நாடகத்துக்கு நீங்க ஒரு தடவகூட வரலையேம்மா?" என்றேன்.

"யாரு கூப்ட்டாங்க?"

"துர்கா சொல்லலையா?"

"நல்லா கீது! அவ எங்க வூட்டு மருமவ. அவ எப்படி எங்கள கூப்புடுவா? விசேஷம் வெச்சிருக்கறவங்கதான வந்து கூப்புடணும்? காது குத்துக்கு, மஞ்சத் தண்ணிக்கு, தட்டு எடுத்துகினு வராத வூடு இந்தத் தெருவுல உண்டா? எங்க மருமவள தெனமும் ஒத்திக ஒத்திகன்னு இட்டுகினு போறீங்க. ஒருநாளு, ஒருத்தராவது, இந்தப் படியேறி 'எங்க நாடகம், நீங்க வரணும்'னு கேட்டீங்களா? ரோட்டுல படத்த கட்டிட்டா நான் வந்துடணுமா?"

தாய்மார்களே, தலையாட்டுகிறீர்கள். ஆங், உங்களுக்குப் புரிகிறது. எங்களுக்கு அதுவரை புரியவில்லை. அதிகாரிகளுக்கு அழைப்பிதழ் அனுப்பினோம். நகைக்கடைக்காரரை நேரில் பார்த்தோம். பத்திரிகைக்காரரைத் தொலைபேசியில் வருந்தி வருந்தி அழைத்தோம். எந்த வீட்டின் மருமகளை மேடையில் ஏற்றினோமோ, அந்த வீட்டுக்குப் பத்திரிகை வைக்கவில்லை!

அடுத்த நாளே தலைவர் ஐயாவும் அவர் வீட்டு அம்மாவும் நானும் தட்டு எடுத்துக்கொண்டு போனோம். வெற்றிலை பாக்கு, பழம், மஞ்சள் குங்குமம், நடுவில் அழைப்பிதழ். ஐயா செருப்பைக் கழற்றிப் படியேறி, "எங்க நாடகம். குடும்பத்தோட வரணும்" என்றார். பூவம்மாள் அம்மா கை கழுவிவிட்டு வந்து, முந்தானையால் துடைத்து, இரண்டு கையாலும் தட்டை வாங்கினார். பிறகு கேள்விகள் பறந்து வந்தன. "எத்தினி மணிக்கு முடியும்? திரும்பி வர பஸ்ஸு இருக்குமா? பொம்பளைங்க ஒதுங்க எடம் இருக்குதா? அமாவாசைக்கு வெச்சா இன்னா, அன்னிக்குத் தறி ஓடாதே?" அந்தக் கேள்விகளுக்குப் பதிலாகத்தான் இந்த நாடகம் இன்று பிற்பகலில் நடக்கிறது. அதனால்தான் பின்பக்கத்துக் கழிவறைக் கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் வந்திருக்கிறது.

எழுந்து கிளம்பியபோது அவரே தடுத்தார். "என்ன மட்டும் கூப்ட்டுட்டுப் போனா எப்படி? தெருவுக்கும் வெச்சிட்டுப் போங்க. நான் ஒண்டியா எப்படி வருவேன்?"

வைத்தோம். வீடு வீடாக வைத்தோம். வாசல் வாசலாக நின்றோம். அழைக்க அழைக்கத்தான் எங்கள் வறுமை எங்களுக்கே தெரிந்தது. வேடத்துணி தைத்தவரை அழைத்திருந்தோமா? இல்லை. ஒத்திகைக்குத் தேநீர் கொடுத்தவரை அழைத்திருந்தோமா? இல்லை. காதர் பாயின் வீட்டுக்குப் போகும்போது குங்குமத்தை எடுத்துவிட்டுக் கற்கண்டு வைத்துக்கொண்டு போனோம். அவர் மனைவி நிஷாத் பேகம் அக்கா தட்டை வாங்கிக்கொண்டு சொன்னார்: "ஒவ்வொரு தபாவும் போஸ்டர் அடிச்சது எங்க வூட்டுக்காரருதான். ஆனா வாங்கன்னு சொல்ல இப்பதான் வழி தெரிஞ்சிதா?" அக்காவும் அவர் அண்ணிமார்களும் அதோ வலப்பக்கம் அமர்ந்திருக்கிறார்கள். வணக்கம் அக்கா!

அரக்கோணம் நண்பர்களே! பார்வையாளரை எப்படிப் பெருக்குவது என்று கேட்டு எனக்குச் செய்தி அனுப்பியிருந்தீர்கள். கைப்பேசியைத் தூக்கிப் போடுங்கள் என்று சொல்லமாட்டேன். நாங்களும் போடவில்லை. ஃப்ளெக்ஸும் இந்தமுறை உண்டு. அதில் துர்காவின் முகம் இருக்கிறது, கதை ஒரு வரி இருக்கிறது, "எல்லோரும் வரலாம், இது நாடகம்" என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. ஆனால் விளம்பரம் தெரியப்படுத்தும், அழைப்புதான் வரவழைக்கும். வராதவர்களைக் கலை தெரியாதவர்கள் என்று பழிக்காதீர்கள். ஏன் வரவில்லை என்று அவர்கள் வாசலில் போய்க் கேளுங்கள். கேட்டதற்கு ஏற்ப நேரத்தை மாற்றுங்கள், நாளை மாற்றுங்கள், தேவையானால் உங்களை மாற்றிக்கொள்ளுங்கள். நாடகத்தை மட்டும் நீர்க்கச் செய்யாதீர்கள். வந்தவர்களுக்கு நல்லதைக் கொடுக்காமல் அனுப்பினால், அடுத்தமுறை எந்த முகத்தோடு தட்டு எடுப்பீர்கள்?

மண்டபம் நிறைந்துவிட்டதா? இல்லை. பின்வரிசைகள் இன்னும் காலிதான். மறைக்கவில்லை. ஆனால் இங்கே அமர்ந்திருக்கும் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி யாரோ ஒருவர் அழைத்திருக்கிறார். மழைக்கு ஒதுங்கியவர் இன்று ஒருவரும் இல்லை!

பூவம்மாள் அம்மா வாக்கு எதுவும் கொடுக்கவில்லை. "வந்து பாக்கறேன். பாத்துட்டுதான், இவ ஆடணுமா வேணாமான்னு சொல்லுவேன்" என்றார். அது அவர் உரிமை. பார்க்காமல் சொல்லும் தீர்ப்புக்குத்தான் அஞ்ச வேண்டும். பார்த்துவிட்டுச் சொல்லும் தீர்ப்பைத் துர்கா தலைவணங்கி ஏற்பாள். நாங்களும் ஏற்போம். அதனால் அம்மா, உங்களை இந்த அவையின் முன்னால் கேட்டுக்கொள்கிறேன். எங்களுக்காகக் கருணை காட்ட வேண்டாம். மருமகள் என்று மறைத்துப் பேச வேண்டாம். நன்றாக இல்லையென்றால்...

என்னம்மா? சற்று உரக்கச் சொல்லுங்கள். மைக்கை அவர் பக்கம் கொடுங்கள். வேண்டாமா? சரி, நானே சொல்கிறேன், பின்னால் இருப்பவர்களுக்கும் கேட்கட்டும். பூவம்மாள் அம்மா சொல்கிறார்: "பேசினது போதும்மே. உள்ள எங்க பொண்ணு எவ்ளோ நேரமா நின்னுகினு இருப்பா? திரையத் தொறங்க!"

துர்கா, கேட்டதா?

அவையோரே, அம்மா "எங்க பொண்ணு" என்றார்கள். இதற்குமேல் பேச எனக்குத் தகுதியில்லை. அழைத்ததை மதித்து வந்தீர்கள், அமர்ந்து கேட்டீர்கள். ஒவ்வொரு வீட்டுக்கும், அந்த வீட்டில் இன்று வேலையைப் பார்த்துக்கொண்டு உங்களை அனுப்பிவைத்தவர்களுக்கும் மன்றத்தின் நன்றி. வணக்கம் சொல்லி நான் கீழே இறங்குகிறேன்.

திரையைத் திறங்கள்!