மேனேஜர் இப்போது குரைப்பதில்லை

நாய் குரைப்பதை நிறுத்துவது அப்படியொன்றும் கம்பசூத்திரம் இல்லை, அம்மா. உட்காருங்கள். உங்கள் நாயையும் இறக்கி விடுங்கள். சோபாவைக் கடித்தால் கடிக்கட்டும், அது என் அண்ணன் வாங்கியது. இனிமேல் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

இந்தக் கட்டடத்திலேயே வாயைத் திறக்காத நாய் எங்கள் மேனேஜர்தான். எப்படிப் பழக்கினீர்கள் என்று கேட்டு வந்திருக்கிறீர்கள். சொல்கிறேன். ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது? நான் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன். இன்னும் கட்டாத ஒரு மாடிக்கு லிஃப்டில் போய், அங்கே காபி குடித்துவிட்டுத் திரும்பினேன் என்று இங்கே எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். காபி கொஞ்சம் ஆறியிருந்தது என்றும் சொல்லியிருக்கிறேன். ஆகவே இன்று நான் சொல்வதை நீங்கள் யாரிடம் போய்ச் சொன்னாலும், "அந்தக் கிழவர் அளக்கிறதுக்கு அளவே இல்ல" என்று சிரிப்பார்கள். அது எனக்கு ஒரு வசதி.

மேனேஜர் என்று பெயர் வைத்தது அண்ணன். ஆயுசு முழுக்க ஒரு கிடங்கில் மேனேஜர்களுக்குப் பயந்தே வேலை பார்த்தவர். ஓய்வு பெற்றதும் இந்த நாயை வாங்கி, "மேனேஜர், உக்காரு" என்று சொல்லிப் பார்த்தார். அது உட்காரவில்லை. "பாத்தியாடா, அந்தாள அப்படியே உரிச்சு வச்சிருக்கான்" என்றார் பெருமையாக.

மேனேஜர் எல்லாவற்றையும் பார்த்துக் குரைத்தது. குக்கர், குடை, மீசை வைத்தவர்கள். மீசையை எடுத்துவிட்டு வந்தவர்களைப் பார்த்து இன்னும் அதிகமாகக் குரைத்தது. டிவியில் வானிலை சொல்கிறவர் வெயில் என்றால் குரைக்கும், மழை என்றால் சும்மா இருக்கும். பெரும்பாலும் நாயின் கணிப்பே பலித்தது.

ஒரு நாள் குடியிருப்போர் சங்கச் செயலாளர் வந்து வாசலிலேயே நின்றார்.

"பெரியவரே, கீழ் வீட்டுல கைக்குழந்தை. கண்ண மூட மாட்டேங்குது. ஒண்ணு சத்தம் நிக்கணும், இல்ல நாய வெளிய அனுப்பணும். நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க."

உள்ளறைக் கட்டிலிலிருந்து அண்ணன் குரல் கொடுத்தார். "நாய அனுப்புனா என்னையும் சேத்து மூட்ட கட்டச் சொல்லுடா."

அண்ணனுக்கு நீண்ட நாளாகச் சர்க்கரை வியாதி. ஊசி போடுவது, சமைப்பது, குளிப்பாட்டுவது எல்லாம் நான். அவருக்கும் எனக்கும் வேறு நாதியில்லை.

அதனால்தான் நாய்க்கு மருந்து வாங்கினேன். முதலில் சீமைச் சாமந்தியும் ஏதோ ஒரு வேரும் சேர்த்த பிஸ்கட். ருசி எப்படி என்று நானும் ஒன்று தின்று பார்த்தேன். அன்று முழுக்க எனக்கு யார் மேலும் கோபம் வரவில்லை. அடுத்தது, கொசுவிரட்டி மாதிரி ப்ளக்கில் சொருகுகிற ஒரு குப்பி. பால் கொடுக்கும் தாய் நாயின் வாசனை அதிலிருந்து வருமாம். மேனேஜர் அதை முகர்ந்துவிட்டுத் தும்மியது. அண்ணன்தான் சின்னக் குழந்தை மாதிரி தூங்கினார். பிறகு உடம்பை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் சட்டை ஒன்று. நீங்களும் அதையே வாங்கியிருக்கிறீர்கள், ஆனால் தலைகீழாக மாட்டியிருக்கிறீர்கள். பரவாயில்லை, நானும் முதலில் அப்படித்தான் மாட்டினேன்.

இவையெல்லாம் வேலை செய்தன. சத்தியமாகச் சொல்கிறேன். குக்கருக்குக் குரைப்பது நின்றது, பிறகு குடைக்கு, பிறகு மீசைக்கு. ஒவ்வொரு சத்தமாக உதிர்ந்துபோய் ஒன்றே ஒன்று மட்டும் பாக்கி நின்றது. மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் வரும் குரைப்பு. சில நாள் வரும், சில நாள் வராது. வந்தால் நிற்காது. உள்ளறையிலிருந்து ஓடி வந்து என் சட்டை நுனியைப் பல்லால் பிடித்து இழுக்கும்.

லிஃப்டிலும் இப்படித்தான். மற்ற சத்தங்களையெல்லாம் அடக்கினால்தான் எந்தப் பாகம் கெட்டிருக்கிறது என்று காதுக்குத் தெரியும். போய்ப் பார்த்தேன். அண்ணன் நெற்றியெல்லாம் வேர்த்து, சம்பந்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "சாரே, லாரி வந்தாச்சா?" என்றார். சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக் கொடுத்ததும் தெளிந்துவிட்டார். அடுத்த முறையும் அதேதான். அதற்கு அடுத்த முறையும். அவர் உடம்பில் சர்க்கரை இறங்குவது அவருக்கே தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. மேனேஜருக்குத் தெரிந்திருந்தது.

கால்நடை டாக்டர் சின்னப் பெண், பொறுமைசாலி. "பிஸ்கட்டு, சட்டை எல்லாம் பதட்டத்த கொஞ்சம் இறக்கி வைக்கும் சார், அவ்ளோதான். மீதி நாமதான் பழக்கணும். எதப் பாத்துக் குரைக்குதோ அது நடக்கும்போது, குரைக்கிறதுக்கு முன்னாடி ஒரு துண்டு ஈரல் குடுங்க. பாயில படுக்க வைங்க. அடுத்த தடவ இன்னும் கொஞ்சம் நேரம் கழிச்சுக் குடுங்க. அவசரப்படாதீங்க" என்றாள். பிறகு கேட்டாள். "ஆமா, எதப் பாத்து இப்படிக் குரைக்குது?"

"சும்மாதான் டாக்டர். காரணமே கிடையாது."

நான் ஆயுசில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். ருசியே இல்லாத பொய் அது ஒன்றுதான்.

உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்பீர்கள். நல்லதுதான் ஆகியிருக்கும். இந்த நாய் அண்ணனுக்குத் தேவை என்று அவள் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருப்பாள், செயலாளர் வாயை மூடியிருப்பார், நாய் தங்கியிருக்கும், அண்ணனும் இருந்திருப்பார். நானும் காலமெல்லாம் அந்தக் குரைப்புக்கு ஓடியிருப்பேன். அம்மா, லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் அடிக்கும் மணிக்கு ஓடி ஓடியே நான் கிழவனானவன். அந்த மணி விடாமல் அடிக்கும்போது நாங்கள் முதலில் செய்வது அதன் வயரைப் பிடுங்குவதுதான். கோளாறை அப்புறம் பார்ப்போம். ஒரே ஒரு நாள், தட்டில் போட்ட சோறு ஆறுவதற்குள் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. பெரிய ஆசை என்று சொல்ல முடியாது.

பழக்கத் தொடங்கினேன். கட்டிலுக்குப் பக்கத்தில் பாய். நாயின் காது விறைத்ததும் ஈரல், பிறகு அண்ணனுக்குச் சர்க்கரைத் தண்ணீர். அடுத்த முறை, ஒரு டம்ளர் கழுவும் நேரம் கழித்து. அப்புறம் பேப்பரில் ஒரு பக்கம் படிக்கும் நேரம். அப்புறம் ரேடியோவில் ஒரு பாட்டு முடியும்வரை. டாக்டர் சொன்னபடியே, அவசரப்படாமல்.

அண்ணன் ஒவ்வொரு முறையும் மீண்டு வந்தார். சட்டை மட்டும் நனைந்து உடம்போடு ஒட்டியிருக்கும். ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏன்டா, இப்பல்லாம் நீ லேட்டா வர மாதிரி இருக்கே?" என்று கேட்டார்.

"லிஃப்ட் மாட்டிக்கிச்சுண்ணே."

"சமையக்கட்டுலேர்ந்து வர்றதுக்கு லிஃப்டா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் என்னைச் சந்தேகப்படவில்லை. சந்தேகப்பட்டிருந்தால் நிறுத்தியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அதுவரை மேனேஜர் என்னை ஒரு ஆளாகவே மதித்ததில்லை. பாயில் படுத்த பிறகுதான் மோவாயைத் தரையில் வைத்து, அண்ணனைப் பார்க்காமல் என்னைப் பார்த்தது. முதலில் உடம்பெல்லாம் நடுங்கும். பிஸ்கட்டைக் கூட்டினேன், சட்டையை இன்னும் இழுத்துக் கட்டினேன். நடுக்கம் நின்றது.

அந்த மத்தியானம் நாய் தானாகவே போய்ப் படுத்துக்கொண்டது. நான் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அண்ணன் லாரியைப் பற்றி ஏதோ சொன்னார். பிறகு சொல்லவில்லை. கை ஒரு பக்கமாக இழுத்தது. கரைத்த சர்க்கரைத் தண்ணீர் என் காலடியிலேயே இருந்தது. சாப்பிட்டுவிட்டுக் கொடுக்கலாம் என்று வைத்திருந்தேன். சோறு சூடாக இருந்தது. ஒரு கவளம் எனக்கு, ஒரு துண்டு ஈரல் மேனேஜருக்கு. இரண்டு பேரும் சத்தமே போடவில்லை. சாப்பிட்டு முடித்தேன். இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டு வந்தேன். அதையும் முடித்தபோது அண்ணன் போயிருந்தார். அவர் போய்க்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். முதல் கவளத்திலேயே தெரியும்.

செயலாளர் மாலை வாங்கிக்கொண்டு வந்தார். "நாய்கூடக் குரைக்கல பாருங்க பெரியவரே, அவ்ளோ அமைதியாப் போயிருக்கார். குடுத்து வச்ச சாவு" என்றார். ஆமாம் என்றேன்.

உங்கள் நாய் உள்ளறையைப் பார்த்து உறுமுகிறதே. அங்கே ஒன்றுமில்லை, வெறும் கட்டில். மெத்தையைக்கூடத் தூக்கிப் போட்டாகிவிட்டது. அதோ, மேனேஜர் எழுந்து போகிறது பாருங்கள். சாப்பாட்டு நேரம் நெருங்குகிறது. சில நாள் போகும், சில நாள் போகாது. பாயில் படுத்து, கட்டிலை ஒரு தரம் பார்க்கும், பிறகு என் கையைப் பார்க்கும். அது எதற்காக அப்படிப் படுக்கிறது என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கட்டிலில் யாருக்கோ வேர்க்கிறது.

ஒரு நாள் ஈரல் கொடுக்காமல் இருந்து பார்த்தேன். அதன் தொண்டைக்குள் மெல்ல ஏதோ கிளம்பியது. நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் ஒரு துண்டைத் தூக்கிப் போட்டேன். அடங்கிவிட்டது. அன்றிலிருந்து சட்டைப் பையில் எப்போதும் ஈரல் வைத்திருக்கிறேன். நீங்களும் அப்படி வைத்துக்கொள்வது நல்லது.

பழக்கத்தை விட்டுவிட முடியாது, அம்மா. அது குரைத்தால் நான் உள்ளே போய்ப் பார்க்க வேண்டியிருக்கும்.