கம்பி போட்ட ஆறு வாரம்

சூப்பை ஸ்ட்ரா வழியாக உறிஞ்ச வேண்டுமென்றால் மூன்று தடவை வடிகட்ட வேண்டும். ஒரு கேரட் துணுக்கு அடைத்தாலும் போச்சு. இதெல்லாம் எனக்குத் தெரியவந்ததே, போன மழைக்காலத்தில் என் கணவருக்குத் தாடை உடைந்தபோதுதான்.

அது தானாக நடந்தது. அதில் என் கை இல்லை. சைக்கிள்கடைக்காரரே, நீங்கள் கேட்டது இரண்டாவது மோதலைப் பற்றி. அதற்கு வருகிறேன்.

அவர் நல்லவர். குடி கிடையாது, கோபம் கிடையாது. வாய் மட்டும்தான். நான் வெங்காயம் நறுக்கினால் கத்தியைப் பிடிக்கும் விதத்தைச் சொல்வார். தூங்கினால் எழுப்பி, எந்தப் பக்கம் படுக்க வேண்டும் என்று சொல்வார். இருபத்தாறு வருஷம். அன்றைக்கும் சைக்கிளில் போய்க்கொண்டே, சுவர் எழுப்பிக்கொண்டிருந்த கொத்தனாரைத் திரும்பிப் பார்த்து யோசனை சொல்லியிருக்கிறார். எதிரே பால்காரர் சைக்கிள். பதற்றத்தில் முன் பிரேக்கை மட்டும் அழுத்தி, ஹேண்டில்பாருக்கு மேலே பறந்து, தாடை தரையில் மோத விழுந்தார். மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் கம்பியால் பிணைத்து, ஆறு வாரம் வாயைத் திறக்கக் கூடாது என்றார் டாக்டர்.

அந்த ஆறு வாரத்தை எப்படிச் சொல்வது. எங்கள் வீட்டுக் கடிகாரத்துக்குச் சத்தம் உண்டு என்றே அப்போதுதான் தெரிந்தது. ஒரு நாள் சிலேட்டில் எழுதிக் காட்டினார்: "சாப்பிட்டியா?" கல்யாணமானதிலிருந்து அவர் என்னைக் கேட்ட முதல் கேள்வி. சமையலறைக்குள் போய் அழுதேன். அவர்மேல் எனக்கு ஆசை வந்துவிட்டது என்று சொல்ல இந்த வயதில் வெட்கமாகத்தான் இருக்கிறது.

கம்பியை எடுத்த அன்று, நர்ஸ் வாயைத் துடைத்துவிட்டதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் இன்னும் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தேன்.

"சூப்புல உப்பு கம்மி. ஆறு வாரமா சொல்லணும்னு இருந்தேன்."

மிச்சத்தை வீடு வந்து சேரும்வரை சொன்னார். தேதி வாரியாக.

நிதானமாக யோசித்துத்தான் செய்தேன். அவர் சைக்கிளில் பின் பிரேக்கின் நட்டைத் தளர்த்தினேன். அது பிடிக்காவிட்டால் முன் பிரேக்கை அழுத்துவார், அழுத்தினால் பறப்பார், விழுந்தால் தாடை. பால்காரர் தெருத் திருப்பத்துக்கு வரும் நேரம் பார்த்து, "பால்ல தண்ணி ஜாஸ்தியா இருக்குங்க, நீங்க கொஞ்சம் எடுத்துச் சொன்னா தேவலை" என்றேன். எடுத்துச் சொல்வதென்றால் மனிதர் நிற்பாரா. செருப்புகூடப் போடாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

பின் பிரேக் பிடிக்கவில்லை என்றதும் அவர் முன் பிரேக்கைத் தொடவே இல்லை. காலை ஊன்றிவிட்டார். இரண்டு இடத்தில் முறிவு. பால்காரருக்கு முழங்கையில் நாலு தையல். அவர் பாவம், அதிர்ந்து பேசாதவர்.

இப்போது இவருக்கு மூன்று மாதம் படுக்கை. கட்டிலைச் சமையலறைக்கு நேரே போடச் சொல்லிவிட்டார். தாடை முன்னைவிட உறுதியாகக் கூடியிருக்கிறதாம். "அடுப்பைக் குறை. அவ்வளவு குறைக்காத. இந்தப் பக்கம் திருப்பு." பொழுது விடிந்ததிலிருந்து இதுதான்.

நீங்கள் யாரிடமும் சொல்ல மாட்டீர்கள் என்று தெரியும். முப்பது வருஷமாகப் பஞ்சர் ஒட்டுகிற உங்களுக்கே பஞ்சர் ஒட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர். வண்டியை நிதானமாகச் சரிசெய்யுங்கள். சீட்டை மட்டும் ஒரு சாண் உயர்த்திவிடுங்கள், கால் தரையில் எட்டாத அளவுக்கு. அந்தக் காலில் இன்னொரு தடவை அடிபட்டால் என்னால் தாங்க முடியாது.