ஸ்கேன் பெஞ்சில் சிரிக்கக் கூடாது

நாகர்கோவிலில் ஒரு ஸ்கேன் சென்டர். வயிற்று ஸ்கேன் என்பதால் பெஞ்சில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் தண்ணீரைக் குடித்துவிட்டு மூத்திரத்தை அடக்கிக்கொண்டு இருந்தோம். என் பக்கத்தில் இனயம் கடற்கரை ஊர்க்காரி ஒருத்தி, கூட வந்த நாத்தனாரிடம் சொன்னாள்:

"ஏட்டி, என்னைச் சிரிக்க வைக்காத. சிரிச்சா இங்கேயே போயிரும்."

"எப்படி மைனி சிரிப்பு வரும்? நீங்க முழுவாம இருக்கியன்னு தெருவே சொல்லுது."

"ஒனக்க அண்ணன் துபாய்க்குப் போனது போன திருவிழா முடிஞ்சு. இந்தத் திருவிழாவும் முடிஞ்சாச்சு. மாசம் தள்ளி, வயிறும் வச்சா உடனே புள்ளையா?"

"அதான் டாக்டரம்மா டெஸ்ட் பண்ணிச் சொன்னாவல்லா. புள்ளை இல்லை, ஹார்மோன் கோளாறு. முட்டை முழுசா விளையாம நிக்குதாம், அதான் மாசம் தள்ளுது. ஒடம்பு தடி வைக்கதும் அதனாலதானாம்."

"நான் ராத்திரிச் சோத்தை விட்டும் குறையல்ல. ஒனக்க அம்மை இப்பவும் என் முகத்தைப் பாத்துப் பேசுகதில்ல."

நாத்தனார் கொஞ்சம் யோசித்தாள்.

"ஞாயித்துக்கிழமை சர்ச்சு பூசையில சாமியார் கல்யாண ஓலை வாசிப்பாவல்லா, இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம்னு? அதோட இதையும் வாசிக்கச் சொல்லுவோம். 'எங்க மைனிக்கு ஹார்மோன் கோளாறு. ஆட்சேபம் உள்ளவங்க சாமியார்கிட்ட சொல்லலாம்'னு. எங்க அம்மையை முதல் வரிசையில நானே பிடிச்சு இருத்துகேன்."

மைனி சிரித்துவிட்டாள். அப்புறம் பெஞ்சே சிரித்தது.

கக்கூஸ் வாசலில் வரிசையாக நின்றோம். நர்ஸ் வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"எல்லாரும் போயி மொதல்ல இருந்து தண்ணி குடியுங்க."