இடது கையால் எழுதிய கடிதம்

என் கையெழுத்து நன்றாக இருக்கும். நான் வேலை பார்க்கும் தொடக்கப் பள்ளியில் ஆண்டு விழா அழைப்பு, வரவேற்புப் பலகை, யாராவது தவறிவிட்டால் அஞ்சலித் தட்டி, எல்லாம் நான்தான் எழுதுகிறேன். கரும்பலகையில் நான் எழுதிப் போட்டதை அழிக்க மனசே வரவில்லை என்று தலைமையாசிரியை சொல்வார். எனக்கு இரண்டு கையாலும் எழுத வரும் என்பது மட்டும் இங்கே யாருக்கும் தெரியாது.

என் பெயர் அரிகிருஷ்ணன். சொந்த ஊர் பனமலை. 1983இல் ஆசிரியர் பயிற்சிக்காகச் செஞ்சிக்கு வந்தேன். தனியார் நடத்திய பயிற்சி நிலையம், இப்போது அது இல்லை. கடைத்தெருவில் தகரக் கடை வைத்திருந்த அப்துல் சுக்கூர் பாயின் வீட்டு மாடியில் ஓர் அறை எடுத்துத் தங்கினேன். அவர் மகன் நசுருதீன் என் வகுப்புதான். காலையில் கீழே வாளிக்கு அடி தட்டும் சத்தத்தில்தான் எழுந்திருப்பேன். நோன்பு மாதத்தில் அவர்கள் வீட்டுக் கஞ்சியில் எனக்கும் ஒரு கிண்ணம் வரும். நசுருதீனின் தங்கை பக்ருன்னிசா எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். மாடிப்படியில் கிண்ணத்தை வைத்துவிட்டு, "அண்ணே, கஞ்சி ஆறுது" என்று கத்திவிட்டு ஓடிவிடுவாள்.

படித்ததைவிடச் சுற்றியது அதிகம். வெள்ளிக்கிழமை சந்தையில் ஆட்டு வியாபாரிகள் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவதை மணிக்கணக்கில் வேடிக்கை பார்ப்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கோட்டைக்குப் போய், ராஜகிரிப் படிகளில் ஏற முடியாமல் உட்கார்ந்துவிடும் வெளியூர்க்காரர்களோடு பேச்சுக் கொடுப்பேன். ஒரு தடவை ஒரு வெள்ளைக்காரக் கிழவர் தன் பெயரைத் தமிழில் எழுதித் தரச் சொல்லி, அந்தக் காகிதத்தை மடிக்காமல் புத்தகத்துக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு போனார். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் படவில்லை.

என் முதல் மொட்டைக் கடிதம் சாப்பாட்டைப் பற்றியது. நாங்கள் சாப்பிட்ட மெஸ்ஸில் உப்புமாவில் புழு கிடந்தது. சுகாதார ஆய்வாளருக்குப் பெயர் போடாமல் எழுதிப் போட்டேன். பத்து நாளில் ஆள் வந்து சோதனை போட்டார்கள். அடுத்தது, வகுப்பில் தூங்கும் ஓவிய ஆசிரியரைப் பற்றி நிர்வாகிக்கு. அவருக்கும் கண்டிப்பு விழுந்தது. இரண்டுமே உண்மை என்பதால் எனக்கு ஒன்றும் உறுத்தவில்லை. இடது கையால் எழுதினால் என் எழுத்து இடப்பக்கம் சாய்ந்து, ஆறாவது படிக்கும் பையன் எழுதியது போல் இருக்கும். "எவன்டா எழுதியிருப்பான்" என்று எல்லோரும் மண்டையை உடைத்துக்கொள்ளும்போது நானும் அவர்கள் நடுவில் உட்கார்ந்து யோசிப்பேன். அந்தச் சுகத்தையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

அமிர்தவல்லி எங்கள் வகுப்பு. வல்லத்தைத் தாண்டி ஒரு சின்ன ஊர். அப்பா தனகோட்டி மல்லாட்டை என்கிற வேர்க்கடலைப் பயிர் வைப்பவர். தாய் இல்லை. அந்த வீட்டில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். பெண்கள் ஹாஸ்டலில் இருந்தாள். சனிக்கிழமை ஊருக்குப் போய்த் திங்கட்கிழமை வருவாள். ஒன்றரை வருடம் ஒரே வகுப்பில் இருந்தும் நாங்கள் பேசியதில்லை.

84ஆம் வருடம் ஐப்பசி மழையில் ஒரு சனிக்கிழமை பஸ் ஸ்டாண்டில் மாட்டிக்கொண்டேன். தூணோரம் அவள் நின்றிருந்தாள்.

"இன்னா அரி, நீயும் மாட்டிக்கினியா?" என்றாள்.

அவள் பஸ் இரண்டு மணி நேரம் வரவில்லை. நான் ஓவிய ஆசிரியர் தூங்கி விழுவதை நடித்துக் காட்டினேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பஸ் வந்ததும் ஏறும்போது, "உங்கூட பேசினா நேரம் போறதே தெரியல" என்று சொல்லிவிட்டுப் போனாள். யாரும் யாரிடமும் சொல்லக்கூடிய வார்த்தைதான். பஸ் நாலாவது மைல் போவதற்குள் அவளே மறந்திருப்பாள். நான் அதை வைத்துக்கொண்டு மூன்று மாதம் வாழ்ந்தேன்.

பொங்கல் விடுமுறை முடிந்ததும் மாதிரி வகுப்புகள் தொடங்க இருந்தன. அதிகாரி பின்னால் உட்கார்ந்திருக்க, பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். அமிர்தவல்லிக்குப் பத்துப் பேர் முன்னால் நின்றால் குரல் எழும்பாது. ஒரு நாள் நசுருதீன் மாடிக்கு வந்தான்.

"ஞாயித்துக்கெழம கோட்டைல செட்டிகுளத்தாண்ட வரியா அரி? அமிர்தவல்லி இந்த வாரம் ஊருக்குப் போவாம பாடம் எடுத்துப் பாக்கணும்னுது. சூரியனச் சுத்தி பூமி சுத்துற மாரி அத்தா தகரத்துல ஒன்னு செஞ்சி குடுத்துக்கீறாரு. நானும் பக்ருன்னிசாவும் பசங்க. நீயும் வந்தா மூணு பேரு கிளாஸு."

அவள் அவனிடம் உதவி கேட்டிருக்கிறாள், என்னிடம் கேட்கவில்லை என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது. காய்ச்சலாக இருக்கிறது என்றேன். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கிளம்பிய பிறகு நானும் போனேன். குளத்துக்கு மேலே ஒரு பாறைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன்.

அவள் தண்ணீருக்கு முதுகு காட்டி நின்றாள். கைப்பிடியைச் சுற்றினாள். தகரப் பூமி தகரச் சூரியனைச் சுற்றி வந்தது. முதலில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குரல் மேலே வந்தது. பக்ருன்னிசா கையைத் தூக்கி, "டீச்சர், ராத்திரில சூரியன் எங்க போவுது?" என்றாள். நசுருதீன் குறும்புக்காரப் பையன் போலத் திரும்பி உட்கார்ந்துகொள்ள, அமிர்தவல்லி ஒரு குச்சியை எடுத்து மிரட்டினாள். மூன்று பேரும் சிரித்தார்கள். ஒரு மணி நேரத்தில் அவள் குரல் என் பாறைவரை தெளிவாக வந்தது. ஒருத்தி நல்ல ஆசிரியையாக மாறுவதை நான் கண்ணால் பார்த்தேன் என்றே சொல்ல வேண்டும்.

மறுநாள் லாங் சைஸ் நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, இடது கையால் எழுதினேன். உங்கள் மகள் கடைத்தெரு பாய் வீட்டுப் பையனோடு கோட்டையில் சுற்றுகிறாள், ஞாயிற்றுக்கிழமை செட்டிகுளத்தில் என் கண்ணால் பார்த்தேன், ஊர் சிரிப்பதற்குள் பார்த்துக்கொள்ளவும் என்று எழுதினேன். பக்ருன்னிசா கூட இருந்ததை எழுதவில்லை. அவளை எழுதியிருந்தால் கடிதத்தில் விஷயமே இருந்திருக்காது. தனகோட்டிக்குப் படிக்கத் தெரியாது என்பது எனக்கு அப்போது தெரியாது. தபாலில் போட்டுவிட்டு வந்து, பாய் வீட்டில் கொடுத்தனுப்பிய மிளகு ரசத்தைக் குடித்தேன். எனக்குக் காய்ச்சல் என்று நசுருதீன் சொல்லியிருந்தான்.

வியாழக்கிழமை தனகோட்டி செஞ்சிக்கு வந்தார். ஹாஸ்டலுக்குப் போகும் முன் பஸ் ஸ்டாண்டில் அவரை நான் சந்தித்தேன். அதைப் பிறகு சொல்கிறேன். ஹாஸ்டல் வாசலில், மற்றப் பெண்கள் பார்க்க, அமிர்தவல்லியைக் காதோடு சேர்த்துக் கன்னத்தில் அறைந்தார். ஓர் அடியா இரண்டா என்று ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். அவள் பெட்டியைக்கூட எடுக்கவில்லை. ஊரில் மருத்துவச்சியைக் கூப்பிட்டு அவளைப் பரிசோதிக்க வைத்தார்களாம். எதற்கு என்று வகுப்பில் யாருக்கும் புரியவில்லை. நான் எழுதிய கடிதத்தில் அதற்கான பேச்சே இல்லை. மாசி மாதத்திலேயே, மனைவியை இழந்த ஒருவருக்கு இரண்டாம் தாரமாகக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். பரீட்சைக்கு இரண்டு மாதம் பாக்கி இருந்தது.

அவளை அழைத்துப் போன மறுநாள் அவள் ஊர் ஆட்கள் ஒரு டிராக்டரில் வந்து தகரக் கடையைத் தெருவில் கவிழ்த்தார்கள். நசுருதீனுக்கு முன்பல் இரண்டு போயின. அப்துல் சுக்கூர் பாய், "புகாரெல்லாம் வேணாம், பொம்பளப் புள்ள பேரு இழுபடும்" என்று சொல்லிவிட்டார். அவர் நினைத்தது அமிர்தவல்லியின் பெயரை. நசுங்கிய வாளிகளைப் பொறுக்கி உள்ளே வைக்க நானும் கூட நின்றேன். பயிற்சி நிலையத்தில் நசுருதீனைச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள்.

"யாரு அரி எழுதியிருப்பாங்க?" என்று கேட்டான். உதடு வீங்கியிருந்ததால் பேச்சு குழறியது.

"தெரியலடா."

"உம்பேரு இதுல அடிபடாம இருந்துச்சே, அது போதும்" என்றான்.

ஒரு மாதத்தில் குடும்பமே ஆரணிக்குப் போய்விட்டது. நான் பரீட்சை எழுதித் தேறினேன். வேலையும் கிடைத்தது.

ஐந்து வருடமாக எனக்கு நானே ஒரு கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். கை ஓங்கியது தகப்பன். கடையைக் கவிழ்த்தது ஊர்க்காரர்கள். வெளியே போகச் சொன்னது நிர்வாகம். நான் செய்தது ஒரு தாளில் எட்டு வரி. பெண்ணைப் பெற்ற எந்தத் தகப்பனும் அந்தக் கடிதத்துக்கு அப்படித்தான் செய்திருப்பான். ராத்திரி தூக்கம் வருவதற்கு இது போதுமானதாக இருந்தது.

இந்த ஜூன் மாதம் பள்ளியில் சேர்க்கை நடந்தபோது ஒரு பெண் ஐந்து வயதுக் குழந்தையோடு வந்து நின்றாள். நிமிர்ந்து பார்த்தேன். அமிர்தவல்லி. குழந்தை அவள் கணவரின் முதல் தாரத்துப் பெண். பிறந்த தேதியைக் கேட்டேன். அவள் தலையைத் திருப்பி இடது காதைக் காட்டினாள்.

"இந்தப் பக்கமா சொல்லுங்க சார். அந்தக் காது கேக்காது. நைனா அடிச்சதுல போயிடுச்சி."

பிறகுதான் என் முகத்தைப் பார்த்தாள்.

"அரி... நீங்களா சார்?"

நான் பேனாவைக் கீழே வைத்தேன். அவள் சிரித்தாள். பழைய சிரிப்பு இல்லை, ஆனால் உண்மையான சிரிப்பு.

"உங்கள ஒரு வாட்டி பாக்கணும்னு இருந்தேன். அன்னைக்கி பஸ் ஸ்டாண்டுல நைனா மயங்கி விழ இருந்தப்ப, தாங்கிப் புடிச்சி சோடா வாங்கிக் குடுத்தது நீங்கதானாமே. அடையாளம் சொன்னப்பவே எனக்குத் தெரிஞ்சிடுச்சி. நைனா போன வருசம் தவறிடுச்சி. சாவற வரைக்கும் சொல்லிக்கினு இருந்துச்சி, அந்தப் புள்ள நல்ல புள்ளன்னு."

நான் தலையாட்டினேன். நன்றியை வாங்கிக்கொண்டேன். குழந்தையின் பெயரைப் பதிவேட்டில் வலது கையால் அழகாக எழுதினேன். அன்றிலிருந்து அந்தக் குழந்தை என் வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்து என் எழுத்தைப் பார்த்து எழுதுகிறது. என்னால் அதன் முன்னால் நிற்க முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்த வியாழக்கிழமை நான் பஸ் ஸ்டாண்டில் பாடக்குறிப்பு நோட்டோடு நின்றிருந்தேன். வல்லம் பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒருவர் நேராக என்னிடம் வந்தார்.

"தம்பி, ட்ரெய்னிங் ஸ்கூல் புள்ளயா? இத கொஞ்சம் படிச்சி சொல்லு. எங்க வூட்டுல எம்பொண்ணு அமிர்தவல்லிதான் படிக்கும். பேரு போடாத லெட்டரு, அது கைல குடுக்காதன்னு தபால்காரன் சொல்லிட்டான். ஊருல குடுத்தா ஊரு பூரா தெரிஞ்சிடும்."

என் சாய்ந்த எழுத்து என் கைக்கு வந்தது. கரண்ட் ஆபீஸ் லெட்டர் என்று சொல்லியிருக்கலாம். அவருக்குத் தெரியப்போவதில்லை. நான் படித்தேன், ஒரு வார்த்தை விடாமல். கேட்டு முடித்ததும் அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு சிரித்தார்.

"போன வாட்டி ஊருக்கு வந்தப்பவே சொல்லிச்சி தம்பி. பாய் தகரத்துல சூரியன் செஞ்சி குடுக்கறாரு, அவுரு புள்ளைங்கள ஒக்கார வெச்சி பாடம் எடுக்கப் போறேன்னு. எம்பொண்ணு எங்கிட்ட எதையும் மறைக்காது. எவனோ வயித்தெரிச்சல் புடிச்சவன் எழுதிக்கீறான். படிச்சி இன்னா பிரயோஜனம், இவனெல்லாம் ஒரு மனுசனா? கிழிச்சிப் போட்டுடு."

அவர் திரும்பிவிட்டார். சந்தைப் பக்கம் போய் மாட்டுக்குக் கயிறு வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஊருக்குப் போக வேண்டும் என்றார். கடிதம் ஒன்றும் செய்யவில்லை. அந்தத் தகப்பன் எல்லாத் தகப்பனையும் போல இல்லை.

"இருங்க," என்று நான்தான் கூப்பிட்டேன். "கடைசில இன்னும் ஒரு வரி இருக்குது."

அவர் நின்றார். நான் தாளைப் பார்த்து, வகுப்பில் படிப்பது போல நிறுத்தி நிதானமாகப் படித்தேன். "உங்க பொண்ணு மூணு மாசம் முழுகாம இருக்குது. இந்த சனிக்கெழம அந்தப் பையனோட மெட்ராசுக்கு பஸ் ஏறப் போறாங்க."

அவர் கால் மடங்கியது. தாங்கிப் பிடித்து உட்கார வைத்தேன். சோடா வாங்கிக் கொடுத்தேன். குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"அப்படியா எழுதிக்கீது தம்பி? எங்க, எந்த எடத்துல? காட்டு."

நான் விரல் வைத்துக் காட்டினேன். அவர் குனிந்து அந்த இடத்தையே பார்த்தார். என் விரலுக்கு மேலே, என் இடது கை எழுத்தில் இருந்தது: "இப்படிக்கு, தங்கள் நலம் விரும்பி."