இரண்டாவது பாட்டில்

டெல்லி லாஜ்பத் நகரில் மெட்ரோ ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள். பச்சைச் சேலை கட்டியவர் தோழியிடம் சொன்னார்:

"நேத்து என் வீட்டுக்காரருக்கு வேணும்னே கெட்டுப்போன ஒயினை ஊத்திக் கொடுத்தேன்."

"ஏன்டி?"

"பிரெஞ்சு ரெட் ஒயின், பன்னெண்டு பாட்டில், பெட்டியோட வாங்கிட்டு வந்தார். முதல் பாட்டிலைக் குடிச்சுட்டு ‘ஆகா, என்ன வாசனை’ன்னார். எனக்குச் சந்தேகம். அன்னைக்குக் காலைல பால் தீஞ்சு வீடே நாறுது, இவர் அடுப்புக்குப் பக்கத்துலயே ஒண்ணும் தெரியாம பேப்பர் படிச்சுட்டிருந்தார்."

"அச்சா. நேத்து?"

"ரெண்டாவது பாட்டிலைத் திறந்தா ஈரச் சாக்கு நாத்தம். பேசாம ஊத்தினேன். அதுக்கும் ‘ஆகா, என்ன வாசனை’ன்னார்."

தோழி சிரித்தார். இவர் சிரிக்கவில்லை.

"அழுத்திக் கேட்டேன். போன வருஷம் காய்ச்சல் வந்ததுலேர்ந்து வாசனையே தெரியலையாம். இவ்வளவு ஒசத்தியானதாவது தெரியுதான்னு பார்க்கத்தான் வாங்கினாராம்."

"டாக்டர்கிட்ட காட்டினாரா?"

"நாளைக்கு நான் கூட்டிட்டுப் போறேன்."

பச்சைச் சேலைக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிச் சொன்னார்:

"ஒரு வருஷமா தினமும் என் ரசம் மணக்குதுன்னு சொல்லிட்டிருந்தார். அதுல மட்டும் எனக்குச் சந்தேகமே வரலைடி."