காலி செய்த குவார்ட்டர்ஸுக்குப் போன லைசென்ஸ்

சுரங்கத்தில் உழைத்து ஓய்வு பெற்றும் ஓயாத உள்ளத்தோடு தலைமை ஏற்றிருக்கும் அண்ணன் சிங்காரவேலு அவர்களே! வடக்குத்து வணிகர் சங்கத்தின் வல்லவர்களே! வண்டியை ஓட்டி வாழ்வையும் ஓட்டும் தோழர்களே! எங்களுக்கு முன்பே வந்து முன்வரிசையைப் பிடித்துவிட்ட தாய்மார்களே! பண்ருட்டியில் பலாவும் முந்திரியும் விற்கும் இந்தத் தாஜுதீனின் வணக்கமும் ஸலாமும் உங்கள் அனைவருக்கும்!

காலாவதியான ஓட்டுநர் உரிமத்தையும் வண்டிக் காகிதங்களையும் புதுப்பிக்க நம் சங்கம் இன்று முகாம் தொடங்குகிறது. நான் வியாபாரி. சரக்கைக் காட்டாமல் பேசத் தெரியாது.

அதோ, பந்தல் காலோரம் நிற்கிறாரே, குட்டியானை சரக்கு வண்டி ஓட்டும் என் உடன்பிறவாத் தங்கை கண்ணகி! அவரிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். சுரங்கக் கேண்டீனுக்குக் காய்கறி ஏற்றும் வேலை சென்ற ஆண்டு அவரைத் தேடி வந்தது. ஒப்பந்தக்காரர் காகிதங்களைப் புரட்டினார். "லைசென்ஸ் முடிஞ்சி போச்சேம்மா? புது கார்டோட வா" என்றார். கண்ணகி சோர்ந்தாரா? காப்பீடு கட்டினார், வண்டிக்குத் தகுதிச் சான்றான எஃப்.சி. எடுத்தார், லைசென்ஸையும் புதுப்பித்தார். கார்டு தபாலில் வரும் என்றார்கள். வந்ததா? வாசலையே பார்த்திருந்தார், வரவில்லை!

"ஏம்மா, எந்த விலாசம் குடுத்த?" என்று கேட்டேன்.

"லைசென்ஸ்ல இருந்ததுதான் பாய். அப்பாவுக்கு சுரங்கத்துல குடுத்த குவார்ட்டர்ஸ்."

"அவரு ரிட்டையர் ஆயி காலி பண்ணியாச்சே!"

"வூடுதான பாய் மாறிச்சு? இதோ பக்கத்துல வடக்குத்துலதான இருந்துகினு இருக்கோம்!"

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், சிரியுங்கள், உங்கள் முறையும் வரும்!

பழைய குவார்ட்டர்ஸுக்கு ஓடினோம். புதிதாகக் குடிவந்த சத்யப்பிரியா அம்மையார் கதவைத் திறந்தார். "தபால்காரர் வந்தாருங்க. அந்தப் பேர்ல இங்க யாரும் இல்லன்னு திருப்பி அனுப்பிட்டேன்" என்றார். அவர் மேல் என்ன குற்றம்? உள்ளதைத்தானே சொன்னார்! கார்டைத் தேடிப் பிடிப்பதற்குள் கேண்டீன் வாசலில் வேறொருவர் வண்டி நின்றது. கண்ணகியிடம் வண்டி இருந்தது, வலிமை இருந்தது, வாய்ப்பு போய்விட்டது.

என்ன தம்பி பின்னால்? "டவுன்ஷிப்புக்குள்ள யாரு பாய் புடிக்கப் போறாங்க?" என்கிறாயா? பிடிப்பவருக்காகவா லைசென்ஸ்? நாளை ஒரு திருப்பத்தில் ஒருவர் குறுக்கே வந்துவிட்டால், காப்பீட்டுக்காரர் உன் முகத்தையா கேட்பார்?

அன்புடையீர்! டவுன்ஷிப்பில் பிளாக் எனும் வட்டம் விட்டு வட்டம் மாறுகிறோம். ஓய்வு பெற்றால் சாவியை ஒப்படைக்கிறோம். விலாசத்தை மட்டும் விட மனம் வருவதில்லை! வளர்ந்த இடமல்லவா? நெஞ்சில் வைத்துக்கொள்ளுங்கள், யார் தடுத்தார்? லைசென்ஸில் வைக்காதீர்கள்!

ஆகவே இங்கே முதல் மேசை, விலாசம் மாற்றும் மேசை. அங்கே அமர்ந்து உங்களுக்கு வழி சொல்லப் போகிறவர் கண்ணகி! புது விலாசத்தோடு கார்டு அவர் பையில் இருக்கிறது. இந்த ஆண்டு அதே கேண்டீன் வேலைக்கு மறுபடியும் போகிறார். தட்டுங்கள் கையை! தட்டிய கையோடு உங்கள் லைசென்ஸை எடுத்துப் பாருங்கள்.

தலைவரே, எடுத்ததை ஏன் மறுபடி பைக்குள் வைக்கிறீர்கள்? காட்டுங்கள் அண்ணே!

"அது... பழைய பிளாக்கு விலாசம்தான் தாஜு. மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் புடிப்பா!"

கேட்டீர்களா! ரிப்பன் வெட்டும் கத்தரியைக் கீழே வையுங்கள் அண்ணே. முதல் மேசைக்கு முதல் ஆளாய் வாருங்கள். திறப்பு விழா அதுதான்!

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. இனித் தபால்காரர் உங்கள் புது வாசலில் நின்று உங்கள் பெயர் சொல்லி அழைக்கட்டும். வணக்கம்!