மிச்சம் வைத்த எக்கோ

சின்னாளபட்டி பேருந்தில் என் முன்னிருக்கையில் இரண்டு நண்பர்கள்.

"ஏலே மாப்ள, பாட்டு ரெக்கார்டிங்குக்கு நான் சிடியில குடுத்த, சவுண்ட மாத்துற பிளக்-இன் சாஃப்ட்வேர் அம்புட்டையும் அழிச்சுட்டியா?"

"எக்கோ ஒண்ண மட்டும் வச்சிருக்கேன் மச்சான்."

"அது மட்டும் எதுக்கு?"

"எம் பொண்டாட்டிக்கு மைக்கப் பாத்தாலே தொண்ட அடைச்சுக்கிரும். பாத்ரூம்லதான் பாடுவா. ஹெட்போன்ல எக்கோவப் போட்டுவிட்டா, பாத்ரூம்ல பாடுற மாதிரியே பாடிருவா."

"பாட்டெல்லாம் எக்கோவா கேக்குமேடா?"

"பாடி முடிச்சதும் பாட்டுல இருந்து எக்கோவ எடுத்துட்டேன். வெறுங்குரல் அம்புட்டு அழகு."

"தங்கச்சிக்குத் தெரியுமா?"

பேருந்து ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. எக்கோவை வைத்திருந்தவரின் குரல் தாழ்ந்தது.

"இன்னைக்குத்தான் அந்த வெறுங்குரலக் கேக்கப்போறா."

"அதான் சாப்பிட வான்னு கூப்பிட்டியாக்கும்!"

"பிடிக்கலைன்னா இனிமே பாடவே மாட்டா மச்சான். நல்லாருக்குன்னு மொதல்ல நீ சொல்லிரு."